அக்கா சொன்ன தடை

“…அதெல்லாம் இருக்கட்டும் சாமி, பைபிள்ள எந்த அதிகாரத்துல கீதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். எழுபத்தஞ்சு வயசுல இவனுக்குக் கால் நகம் யாரு வெட்டுவா? அத்த மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் வாய மூடிகினு வூட்டுக்குப் போயிடறேன்.”

இப்படிக் கேட்டது என் அக்கா ரோசம்மா. கேள்வியை வாங்கிக்கொண்டு நின்றவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் கோயில் ஒன்றின் பங்குச் சாமியார். ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். பாதி மடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அறைக்குள் சாம்பிராணி வாசனை. ஜன்னல் வழியாக யாரோ வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை. இரண்டும் சண்டை போடாமல் கலந்து வந்தன.

நான் கதவோரமாக நின்றேன். அக்கா பேசும்போது கதவோரமாக நிற்பது எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம்.

“இவனுக்கு” என்று அவள் சொன்னது அவளுடைய ஒரே மகன் அமலை. அவன் அப்போது வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். பாட்டுக்குழுப் பெண்கள் சுற்றி நின்று அவனுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் சாமியாராகப் போகிறான். உள்ளே அவன் அம்மா அதற்குக் குறுக்கே நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

மூன்றாவது ஓலை

எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று. பிரசங்கத்தில் தூங்கினவர்கள்கூட ஓலைக்கு விழித்துக்கொள்வார்கள். யார் பெண், எந்த ஊர் என்று காது நீளும்.

கல்யாணமே வேண்டாம் என்று போகிறவனுக்கும் அதே மாதிரி ஓலை உண்டு. இது கோயிலுக்கு வருகிறவர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. அவன் பிறந்து வளர்ந்த பங்கில், அதாவது ஊர்க் கோயிலில், பட்டம் கொடுக்கப்போகிறோம் என்று அவன் பெயரை வாசித்து, “இவருடைய திருநிலைப்பாட்டுக்குத் தடையாக எதுவும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்பார்கள். ஊரே பார்த்து வளர்த்த பையன், ஊரே சொல்லட்டும் என்கிற ஏற்பாடு. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் யாரும் எதுவும் போய்ச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. வாசிப்பார்கள், ஒருத்தருக்கொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும்.

முதல் இரண்டு வாரமும் அக்கா கோயிலில் இல்லை, வேலைக்குப் போயிருந்தாள். மூன்றாவது ஞாயிறு அவளுக்கு முறை ஓய்வு. அமலும் சாமியாருக்குப் படிக்கும் குருமடத்திலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். நானும் மறைமலைநகரிலிருந்து வந்திருந்தேன். மூன்று பேரும் ஒரே வரிசையில்.

சாமியார் வாசித்தார். அமலின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். அதற்குப் பிறகு, “வரும் புதன்கிழமை மணத்துறவு வாக்கை அளித்து, திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட இருக்கிறார்” என்றார்.

அக்கா முக்காட்டை விலக்கி என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாடா இது? இப்பவேவா?”

நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஏனென்றால், அவளுக்கு ஒரு வருஷம் இருக்கிறது என்று சொல்லி வைத்தவனே நான்தான்.

எல்.எல்.ஆர். விளக்கம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு நான் கம்பெனி பஸ் ஓட்டினவன் என்பது தெரியும். எனக்கு எதை விளக்கச் சொன்னாலும் வண்டியை வைத்துத்தான் விளக்க வரும்.

சாமியாராவதற்கு இரண்டு படி. முதலில் திருத்தொண்டர் பட்டம். சில மாதமோ ஒரு வருஷமோ கழித்துக் குருப்பட்டம். “ரெண்டுக்கும் இன்னாடா வித்தியாசம்?” என்று அக்கா கேட்டபோது நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்.

“திருத்தொண்டர்ன்றது எல்.எல்.ஆர். மாதிரிக்கா. குருப்பட்டம்தான் லைசன்ஸ். கல்யாணம் வேணாம்னு சத்தியம் பண்றதெல்லாம் லைசன்ஸ் அன்னிக்குத்தான்.”

“அப்ப இன்னும் ஒரு வருஷம் கீதா?”

“முழுசா கீது.”

“போதும்டா. நான் அவனாண்ட பேசிக்கிறேன்.”

நிம்மதியாக டீ குடித்தாள். எல்.எல்.ஆர். விழாவுக்கு எதற்கு நான் போக வேண்டும் என்று அமலிடமும் சொல்லிவிட்டாள். “லைசன்ஸ் அன்னிக்கு வரேன். இதுக்கு நீ மட்டும் போயிட்டு வா.” அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

நான் மட்டும் செய்த தப்பு இல்லை இது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். காரணம் பிரியாணி. குருப்பட்டத்துக்குத்தான் ரோட்டோரம் பிளெக்ஸ் வைப்போம், பேண்டு வைப்போம், பூ ஜோடித்த காரில் பையனை ஊர்வலம் விடுவோம், மாமன்காரன் மாலையும் மோதிரமுமாக வந்து நிற்பான். கல்யாணத்துக்கு என்ன உண்டோ அத்தனையும் உண்டு, பெண்ணைத் தவிர. அதனால் சத்தியமும் அன்றைக்குத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உண்மையில் அந்த வாக்கு எல்.எல்.ஆர். நாளிலேயே போய்விடுகிறது. பெரிய கூட்டம் இல்லை, பேண்டு இல்லை. ஆயர், அதாவது பிஷப், கேட்கிறார், பையன் “தருகிறேன்” என்கிறான். ஒரு வார்த்தை. நாம் பிரியாணிக்குப் போய் உட்கார்கிற நாளில் அந்தக் கதவு சாத்தி மாசக்கணக்கில் ஆகியிருக்கிறது.

பஸ்ஸில் ஓடிய வழக்கு

நான் முன்னமே சுதாரித்திருக்க வேண்டும். ஏனென்றால் இதே விஷயம் என் பஸ்ஸில் ஒரு மாதம் வழக்காக ஓடியிருக்கிறது.

படாளத்தில் ஏற்றி மறைமலைநகரில் இறக்குவதற்குள் என் வண்டியில் பேசாத விஷயம் கிடையாது. எங்கள் பக்கத்துப் பையன்கள், பெண்கள். அவர்களுடைய அப்பா அம்மா எல்லாம் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். இவர்கள் கார் பாகம் செய்கிறவர்கள். வாய் மட்டும் அதே வாய்.

அமல் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் குருமடத்துக்குப் போனான் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், பஸ் இரண்டாகப் பிரிந்தது.

சி.எஸ்.ஐ. சபைப் பெண் ஒருத்தி, சீட்டில் ஏறி முட்டி போட்டுக்கொண்டே பின்னால் திரும்பிச் சொன்னாள்: “எங்க போதகரு, அதான் எங்க ஐயரு, அவருக்குப் பொண்டாட்டி கீறாங்க. ஐயரம்மா இல்லன்னா எங்க சபையே நடக்காது. யாரு வூட்ல சண்டன்னாலும் மொதல்ல போயி நிக்கறது அவங்கதான். உங்க சாமியாரு வூட்ல யாருண்ணா போயி நிப்பா?”

பெந்தெகொஸ்தே சபைக்காரன் ஒருத்தன், “எங்க பாஸ்டருக்கு நாலு புள்ளைங்க. நாலும் டிரம்ஸ் வாசிக்குது. காதுதான் பேஜாரு” என்றான்.

என் பக்கத்து சீட்டில் எப்போதும் உட்காரும் ஆறுமுகம், எங்கள் சாமியும் இல்லை அவர்கள் சாமியும் இல்லை, முருகன் ஆள். அவன் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. “எங்கள்ள துறவின்னா மலைக்குப் போயிடுவாரு. கண்ணுல படாது, ஆசையும் வராது. உங்க ஆளு தெருவுலயே இருந்துகினு, ஊரான் கல்யாணத்தெல்லாம் பண்ணி வச்சிகினு, தனக்கு மட்டும் வேணாம்றாரே. இதுதான் அண்ணாத்த கஷ்டமான கேஸு.”

அப்போதுதான் ஒரு மலையாளி சூப்பர்வைசர் முன் சீட்டிலிருந்து தன் மாமாவைப் பற்றிச் சொன்னார். அவர்கள் சபையில் அச்சன்மார் என்கிற சாமியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமாம். ஆனால் முதல் பட்டத்துக்கு முன்னாலேயே செய்துகொள்ள வேண்டும், அதற்கப்புறம் கூடாதாம். அவருடைய மாமாவுக்கு அவசர அவசரமாகப் பெண் பார்த்த கதையைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்தான் அங்கே ஆயராக வர முடியுமாம்.

முதல் பட்டத்துக்கு முன்னால்! காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். நான் மாமாவின் கல்யாணக் கதையைப் பிடித்துக்கொண்டு, விஷயத்தை விட்டுவிட்டேன்.

ஆறு தாத்தா சாமிகள்

இப்போது அந்தக் கால் நகத்துக்கு வருகிறேன்.

அமல் குருமடத்துக்குப் போனபோது அக்காவுக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. அக்கா புருஷன், எங்கள் மாமா, கல்பட்டறையில் சிலைக்குப் பாலிஷ் போட்டவர், நெஞ்சில் தூசி அடைத்துப் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே பிள்ளை, அதுவும் தெரு முனைக்கே ஆபீஸ் கார் வந்து ஏற்றிக்கொண்டு போன பிள்ளை. தெருவில் எல்லாரும், “ஏன் ரோசம்மா வுட்டுட்ட?” என்று கேட்டார்கள். “ஆண்டவருக்கு மீந்ததையா குடுப்பாங்க?” என்று கேட்டு வாயை அடைத்தாள்.

அந்தப் பெருமை ஆறு வருஷம் நின்றது. பிறகு அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

செங்கல்பட்டில் ஏரிக் காற்று வருகிற பக்கமாக, வயதான சாமியார்கள் தங்குகிற இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அக்கா போனாள். மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் வருவாள். ஆறு தாத்தா சாமிகள். அவள் அப்படித்தான் சொல்வாள். ஒருத்தர் பெயரும் சொல்ல மாட்டாள். கேரம் சாமி, ரேடியோ சாமி, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சாமி.

போன புதிதில் ஒரே சிரிப்பாகத்தான் கதை சொன்னாள். கேரம் சாமிக்கும் ரேடியோ சாமிக்கும் சிவப்புக் காய்க்காகச் சண்டை, மூன்று நாள் பேச்சில்லை, நான்காம் நாள் ஒருத்தரிடம் ஒருத்தர் பாவசங்கீர்த்தனம் செய்து, பாவத்தை ஒப்புக்கொண்டு, மறுபடி பலகை போட்டார்கள். “சின்னப் புள்ளைங்கள மேய்க்கறது எவ்ளோ மேலுடா” என்பாள்.

ஒரு சனிக்கிழமை வெந்நீர் வைத்துக் கொடுக்கப் போனவள், ஒரு சாமியின் காலைப் பார்த்திருக்கிறாள். நகம் வளைந்து விரலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. குனிய முடியாத மனுஷன். செருப்புப் போட்டால் வலிக்கும் என்று வெறும் காலோடு நடந்திருக்கிறார். அன்றிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை அக்கா ஒரு பேசினில் வெந்நீர் வைத்து, ஆறு பேர் காலையும் ஊறப் போட்டு, நகம் வெட்ட ஆரம்பித்தாள். சமையல்காரிக்கு அது வேலை இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

பன்னிரண்டு கால்கள். அந்தக் கால்களைப் பார்க்கப் பார்க்கத்தான் அவள் பெருமை கரைந்தது. வீட்டுக்கு வந்து அமலின் போட்டோவைப் பார்ப்பாள். அங்கி போட்ட போட்டோ. முகத்தைப் பார்க்க மாட்டாள், அங்கிக்குக் கீழே காலைப் பார்ப்பாள்.

நான் ஒருமுறை அவளிடம் சொன்னேன்: “நான் கல்யாணம் பண்ணி ரெண்டு புள்ள பெத்தவன். ஒண்ணு ஓசூர்ல, ஒண்ணு துபாய்ல. என் நகத்த நான்தான் வெட்டிக்கிறேன், மூச்சு வாங்குது.”

“உனுக்குப் பொண்டாட்டி கீறாளே?”

“அவ நகத்தையும் நான்தான் வெட்டறேன்.”

சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவள் பயத்தைத் தொடவில்லை.

பேனாவை எடுத்த சாமியார்

திரும்ப அந்த அறைக்குப் போவோம்.

பங்குச் சாமியார் தெற்கத்திக்காரர், நாற்பது தாண்டியவர். கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடவில்லை. உடுப்பை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து அக்காவை உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை.

“அம்மா, ஓலையில கேக்குத தடை வேற. ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா, யாரும் கட்டாயப்படுத்தி அனுப்புதாங்களா, அந்த மாதிரி. நீங்க கேக்கது அதுல வராது.”

“அப்ப நான் சொல்றது செல்லாதா?”

“செல்லாதுன்னு சொல்ல மாட்டேன். பெத்த தாய் வந்து நிக்கும்போது நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது. நீங்க சொன்னத அப்படியே எழுதி ஆயருக்கு அனுப்பணும். அவரு கூப்பிட்டுப் பேசுவாரு. ஒரு வருஷம் தள்ளி வச்சாலும் வைக்கலாம்.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். “எழுதட்டுமா?”

ஒரு வருஷம் தள்ளி வைப்பது என்றால் சும்மாவா? பெயரை ஊரறிய மூன்று வாரம் வாசித்தாகிவிட்டது. புதன்கிழமை நடக்கவில்லை என்றால், “ஏன் நிறுத்திட்டாங்க? பையன் இன்னா பண்ணான்?” என்று வியாழக்கிழமை தெருவில் பேச்சு கிளம்பும். அது கடைசிவரைக்கும் அவன் அங்கியில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பது வருஷப் படிப்பு. எழுதினால் அவன் வாழ்க்கை ஒரு பக்கம் சாயும். எழுதாவிட்டால் புதன்கிழமை கதவு சாத்திவிடும். எல்லாம் என் எல்.எல்.ஆர். விளக்கத்தால் இந்தப் பத்து நிமிஷத்துக்குள் வந்து நெருக்கிக்கொண்டு நின்றது.

“எழுதாதீங்க, இருங்க” என்றாள் அக்கா. “டேய், அவன இட்டுகினு வா.”

தெரியலம்மா

அமல் வந்தான். அம்மா முகத்தையும் திறந்த பேனாவையும் பார்த்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா அதே கேள்வியை அவனிடம் கேட்டாள். எழுபத்தைந்து வயதில் உன் கால் நகம் யார் வெட்டுவது?

வேதவாக்கியம் எதையாவது எடுத்து விடுவான் என்று நினைத்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், பிறகு, “தெரியலம்மா” என்றான்.

“ஒம்போது வருஷம் படிச்சிட்டு, தெரியலன்றியே!”

“அதுக்கு அங்க பாடம் இல்லம்மா.”

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைப் பார்த்தார்.

அக்கா விடவில்லை. நான் கதவோரம் இருப்பதையோ சாமியார் எதிரே இருப்பதையோ பார்க்காமல் கேட்டாள்: “நைனா, நேராவே கேக்கறேன். உனுக்குக் கல்யாண ஆசைன்னே ஒண்ணு இல்லியா?”

“இருக்கும்மா. நல்லாவே இருக்கு.”

“பின்ன?”

“சிறுசேரில வேலை செஞ்சப்ப, லீவு நாள் ஆனா நாவலூர் பக்கம் வாடகைக்கு வூடு பாத்துகினு திரிஞ்சேன். ரெண்டு பேருக்கு வூடு. அவங்களும் கூட வருவாங்க. பால்கனி வேணும்னு அவங்க சொல்லுவாங்க, கெணறு வேணும்னு நான் சொல்லுவேன். யாருன்னு கேக்காத. அவங்க இப்ப நல்லா கீறாங்க. அவங்களாண்ட சொல்லிட்டுத்தான் குருமடத்துக்குப் போனேன். ரெண்டு பேரும் அழுதோம்.” கொஞ்சம் நிறுத்தினான். “ஆசையே இல்லாதவன் வுட்டுட்டேன்னு சொன்னா அதுல இன்னாம்மா கீது? எனக்கு வேணும்னு தெரிஞ்சிதான் வுடறேன். ஜனங்க யாரு எப்ப கூப்ட்டாலும் போறதுக்கு இந்தக் கை காலியா இருக்கணும்னு தோணுது. தோணிகினே கீது. ஒம்போது வருஷமா நிக்கல.”

அக்காவின் முகம் மாறியது. நாவலூரில் வீடு பார்த்த கதை அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

“இத்த ஏன்டா என்னாண்ட சொல்லல?”

“உனக்கு எதுக்குக் கஷ்டம்னு…”

“அதான்!” மேசையில் தட்டினாள். பேனா உருண்டது. “அதான்டா எனக்கு பயம். இப்பத்தான் எனக்கே தெரியுது எது பயம்னு.”

உப்பு

அவள் சாமியார் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் சொன்னதெல்லாம் மகனுக்கு.

“எங்க இல்லத்துல ஒரு தாத்தா சாமி கீறாரு. நாப்பது வருஷம் பங்கு பங்கா தனி வூட்லயே இருந்தவரு. மூணு நாளு கஞ்சில உப்பு போட மறந்துட்டேன் சாமி. மூணு நாளும் குடிச்சாரு. நாலாம் நாளு நான் வாயில வச்சிப் பாத்தாத்தான் தெரியுது. ஏன் சாமி ஒரு வார்த்த கேக்கலன்னேன். ‘கேக்கணும்னு தோணல ரோசம்மா’ன்னாரு. கேரம் சாமி கீறாரே, அவரு அப்பிடி இல்ல. முதுகு அரிச்சா கூரை பறக்கற மாதிரி கூப்புடுவாரு. நான் போவலன்னா ரேடியோ சாமி சொறிஞ்சி வுடுவாரு. அவரும் கல்யாணம் பண்ணாதவருதான், இவரும் பண்ணாதவருதான். கேக்கறவனுக்கு யாரு வேணா நகம் வெட்டுவாங்க சாமி. வாயே தொறக்காதவனுக்குப் பொண்டாட்டி இருந்தாலும் தெரியாது.”

சாமியார் மேசைமேல் கிடந்த உடுப்பின் ஓரத்தை நீவினார்.

“நீங்க சொல்லுங்க. போன மாசம் உங்களுக்கு ஜொரம் வந்துச்சே. யாராண்ட சொன்னீங்க?”

அவர் எதிர்பார்க்கவில்லை. நெற்றியைத் தேய்த்தார். “யார்கிட்டயும் சொல்லல. பூசைய மட்டும் வச்சிட்டு வந்து படுத்துக்கிட்டேன்.”

“எத்தினி நாளு?”

“நாலு நாள்.”

“கோயில சுத்தி இத்தினி வூடு கீது! ஒரு வூட்ல போயி கஞ்சி குடுன்னு கேக்க வாய் வரலியா? உங்கம்மா இந்தக் கூத்தப் பாத்துகினு இருந்தா இன்னா சொல்லுவாங்க?”

“இப்ப நீங்க சொல்லுதத்தான் சொல்லுவாங்க” என்றார் அவர். தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நிமிஷமே நிமிர்ந்து, “இனிமே கேக்கேன்மா. முதல்ல உங்க வீட்டுலதான்” என்றார்.

“வாங்க. மீனோட கஞ்சி.”

பிறகு அவள் அமலுக்கு எதிரே போய் நின்றாள். அவன் அவளைவிட ஒரு முழம் உயரம். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

“சின்னப் புள்ளையிலருந்து நீ என்னாண்ட ஒண்ணும் கேட்டதில்ல. செருப்பு அறுந்தாலும் கேக்க மாட்ட. ஜொரம்னாலும் சொல்ல மாட்ட. ஊரே தங்கமான புள்ளன்னுச்சு, நானும் அத்த கேட்டுப் பெருமையா பூரிச்சிட்டேன். அப்பிடியே போயி அந்தத் தனி வூட்ல ஒக்காந்தன்னு வையி, உப்பில்லாத கஞ்சிதான் உனக்கு. எனக்கு உன் சத்தியத்து மேல கோவம் இல்லடா. ஒண்ணே ஒண்ணு. இப்ப, இந்த எடத்துல, என்னாண்ட எதுனா கேளு.”

“எனக்கு ஒண்ணும் வேணாம்மா.”

“பாத்தீங்களா சாமி? எழுதுங்க. மொத வரில இத்த எழுதுங்க.”

சாமியார் உருண்ட பேனாவைக் கையில் எடுத்தார். எழுதவில்லை. அவர் மகனைப் பார்த்தார், நான் மகனைப் பார்த்தேன். வெளியே அடுத்த பூசைக்கு ஆர்மோனியம் சுருதி பார்த்துக்கொண்டிருந்தது. அமல் வாயைத் திறந்தான், மூடினான். இத்தனை வருஷமாக என் மருமகன் எல்லாரையும் அனுசரித்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை வாய்விட்டுக் கேட்க அவன் படும் பாட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாரம் தூக்குகிறவன் மாதிரி இருந்தான்.

“அம்மா…”

“சொல்லு.”

“புதன்கெழம நீ வரணும்.”

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வர வேணாம்னு நீ சொன்னப்ப சரின்னு தலையாட்டிட்டேன். எனக்கு அது சரியா இல்லம்மா. நீ வரணும். மொத வரிசைல ஒக்காரணும். ஆயர் கேட்டு, நான் வாக்குக் குடுக்கறப்போ, திரும்பிப் பாத்தா நீ எனக்குத் தெரியணும். எனக்கு அது வேணும்.” சொல்லி முடித்ததும் மூச்சு விட்டான். “மொத நாளு ராத்திரியே வந்துடு. வுட்டுட்டுப் போவாத.”

சாமியார் மெதுவாக, “அப்ப நான் என்னம்மா எழுதட்டும்?” என்று கேட்டார்.

அக்கா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பிரித்தாள். பட்டன் போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரின் எண்ணைத் தேடி அழுத்தினாள். ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மகனின் சட்டை முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், ரோசம்மா பேசறேன். எனக்கு செவ்வாயும் புதனும் லீவு வேணும்” என்று கேட்டாள்.